எருமைக்கு எஞ்சின் பூட்டிய கதை

பளையில் லான்ட்மாஸ்டருக்குப் பெட்டி அடிக்கிறவன் நான். அப்பாவும் அதைத்தான் செய்தார். எங்கள் பட்டறைப் பெயர்ப்பலகையில் ‘கடைச்சல், ஒட்டுவேலை, கேற், கிறில்’ என்று இருக்கிறது. அங்கே ‘வடிவமைப்பு’ என்று எழுத எனக்கு இன்றுவரை கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

வன்னியில் இரண்டுசில்லு உழவு மெசின் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதற்குப் பெயர் லான்ட்மாஸ்டர்தான். ஜப்பான்காரன் செய்தாலும் லான்ட்மாஸ்டர், சீனாக்காரன் செய்தாலும் லான்ட்மாஸ்டர். அந்தப் பெயரோடு வந்த முதல் மெசின் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அதை வரைந்தவர் இலங்கையர். ரே விஜேவர்தன, 1924 இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், சொந்தமாக விமானம் கட்டிப் பறந்தவர். எங்கள் தாத்தாமார் “வெள்ளைக்காரன்ர மெசின்” என்று வாய்பிளந்து பார்த்தது நம் நாட்டு ஒருவரின் கைவரைபடத்தை.

இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது அவர் பிற்காலத்தில் சொன்னது. விவசாயத்தை நவீனமாக்குவதாக நினைத்து, கடைசியில் எருமையைத்தான் இயந்திரமாக்கினேன் என்று தன் கண்டுபிடிப்பைத் தானே குறைசொன்னார். எருமை கன்று போடும், எரு தரும். மெசின் எண்ணெய் கேட்கும், தேயும். உழவே வேண்டுமா என்ற கேள்வியைக் கேட்காமல் உழுகிற பிராணியை மட்டும் மாற்றிவிட்டோம் என்று உணர்ந்து, பிறகு மண்ணைக் கிளறாத பயிர்ச்செய்கை, கிளிசிரிடியா வேலி என்று வேறு பாதையில் போனார். 2010 இல் காலமானார். உலகம் முழுக்க விற்ற ஒரு பொருளைப் பற்றி அதை வரைந்தவரே இப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் என் மருமகன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் எடுத்துவிட்டு வந்து, பளையில் வீட்டு அறைக்குள் இருந்தபடி வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குத் திரையில் ஏதோ வரைகிறான். “மாமா, நானும் நீங்களும் ஒரே தொழில்தான்” என்றான் ஒருநாள். சிரித்துவிட்டேன். என் கையில் கிறீஸ், அவன் கையில் தேநீர்க் கோப்பை. அன்றைக்குச் சிரித்தது பிழை.

பளைச் சந்தைக்குப் போய் ஒரு கடையின் கூரையில் தொங்குவதைப் பாருங்கள். கத்தி, மண்வெட்டி, திருவலை, இடியப்ப உரல், தெளிகருவி, பிளாஸ்ரிக் சுளகு. பாதிக்கு மேல் கொன்ரெய்னரில் வந்தவை. 2002 இல் ஏ9 திறந்தபோது முதல் அலை வந்தது. போர் முடிந்தபின் அணை உடைந்தது. 2014 மார்ச்சில் ரயில் பளை வரைக்கும் வந்து, ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போகும்வரை ஏழு மாதம் எங்கள் ஊரே கடைசி ஸ்ரேசன். அந்த ஏழு மாதமும் பளையில் இறங்கிய சாக்குகளையும் பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றேன். என் வாடிக்கையாளர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். சிலர் தலையாட்டிவிட்டும் போனார்கள்.

இறக்குமதியைத் தடை செய் என்று கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. என் ஒட்டுமெசினே சீனாவிலிருந்து வந்தது, நல்ல மெசின். பூட்டிய பொருளாதாரத்தை அப்பா கண்டவர். 1970 இலிருந்து 77 வரை மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை, கமக்காரன் கையில் காசு. அந்தக் காலத்தைப் பற்றி எல்லாரும் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். அப்பா மட்டும் முகம் சுளிப்பார். “எதைச் செய்தாலும் விக்கும். அதால ஒண்டும் திருந்தேல்லை” என்பார். பெட்டியின் பின்கதவுக் கொளுக்கி கையைக் கடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் காலம் முழுக்க அதே கொளுக்கியைத்தான் போட்டார்களாம். வேறிடம் போக வழியில்லாத வாடிக்கையாளன் பட்டறைக்காரனைச் சோம்பேறியாக்குவான்.

பிறகு போர்க்காலத்தில் வந்த பொருளாதாரத் தடை வேறு பாடம். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், கம்பியில் பிடித்த ஒரு சின்னத் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்று அணைக்காது, சிந்தாது, எண்ணெய் குடிக்காது. சிக்கன விளக்கு என்றோம். ஒரு தலைமுறை அதன் வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தது. அதை முதலில் செய்தவர் யார்? ஒருவருக்கும் தெரியாது. எந்த அளவுப் போத்தல் நல்லது, திரியை எந்த உயரத்தில் நிறுத்துவது என்று எவரும் வரைந்து வைக்கவில்லை. எண்ணெய் வந்ததும் போத்தல் குப்பைக்குப் போயிற்று. நெருக்கடியில் நாங்கள் கெட்டிக்காரர் என்று பெருமை பேசுகிறோமே, அந்தக் கெட்டித்தனத்தை அடுத்த நாளுக்குக் கொண்டுபோகும் பழக்கம் எங்களிடம் இல்லை. கொண்டுபோகிற பழக்கத்துக்குத்தான் வடிவமைப்பு என்று பெயர் என்கிறான் மருமகன்.

இனி ஒரு திருவலையின் கதைக்கு வருகிறேன்.

நாலைந்து வருசத்துக்கு முன் ஒரு பெண் என் பட்டறைக்கு வந்தாள். 2009 இல் இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தவள். விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பமும் சம்பலும் சொதியும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறாள். வாழ்வாதார உதவி என்று அவளுக்கு ஒரு தேங்காய் துருவும் மெசின் கிடைத்திருந்தது. வெளிநாட்டுச் சாமான், பளபளப்பு. அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் றப்பர். ஒரு கையால் சுற்றவேண்டும், மற்றக் கையால் சிரட்டையைப் பிடிக்கவேண்டும். பிடி உடைந்துவிட்டது, ஒட்டித்தர முடியுமா என்று கேட்டாள். நான் மெசினைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அண்ணை, இதைக் குடுத்தவை என்னைப் பாத்துத்தான் குடுத்தவை. கையெழுத்தும் இந்தக் கையாலதான் வாங்கினவை.”

அவளுடைய மகள் சிரட்டையைப் பிடிக்க, இவள் சுற்றுவாளாம். அதனால் மகளுக்கும் மூன்று மணிக்கு விடியும்.

அந்த மெசினைக் குறைசொல்ல ஏதுமில்லை. அதை வரைந்தவர் ஒரு மேசையையும் வழுவழுப்பான கல்லையும் இரண்டு கைகளையும் நினைத்து வரைந்திருக்கிறார். அவருடைய ஊரில் அவை இருக்கின்றன. இவளுடைய குசினியில் பொரிந்த சீமெந்துத் தரை. றப்பர் பிடிக்காது. வளைவு சரியில்லாமல் சிரட்டையின் வாயோரம் ஒரு விரல் தடிப்புக்குத் தேங்காய் மிஞ்சியது. 2025 இல் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது அந்த ஒரு விரல் எவ்வளவு காசு என்று அவள் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

என்னிடம் பழைய சிங்கர் தையல் மெசினின் கால் ஒன்று கிடந்தது. தலையைக் கழற்றிவிட்டுத் திருவலை நாக்கை ஒரு தண்டில் பூட்டி, மிதித்தால் சுற்றுகிறமாதிரிச் செய்தேன். ஒரு கை சிரட்டைக்கு, கால் மெசினுக்கு. பெரிய கண்டுபிடிப்பு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பிக்கொண்டு வந்தாள். தையல் மெசினை மிதித்தவர்களுக்குத் தெரியும், தொடங்கும்போது சில்லு சிலவேளை பின்பக்கம் சுற்றும். துணியில் நூல்தான் அறும். இங்கே சிரட்டை அவளுடைய முகத்துக்குப் பாய்ந்திருக்கிறது.

சைக்கிளின் பிறீவீலைத் தண்டில் பூட்டினேன். இனிப் பின்னால் மிதித்தால் தண்டு சுற்றாது. சரிதானே? ஒரு கிழமையில் அடுத்த முறைப்பாடு. காலை எடுத்தாலும் நாக்கு சுழன்றுகொண்டே இருக்கிறது. தவழுகிற பேரப்பிள்ளை பக்கத்தில் வருகிறது. பிறீவீலின் குணமே அதுதானே, யோசிக்கவில்லை. சைக்கிள் பிறேக் கட்டை ஒன்றைப் பூட்டி, காலை எடுத்ததும் அது தண்டில் போய் முட்டுகிறமாதிரிச் செய்தேன். பிறகு பெல்ற்றில் தேங்காய்ப்பால் பட்டு வழுக்கியது. அதற்கொரு அலுமினியத் தகட்டு மறைப்பு. நாலாவது தடவை கொண்டுபோனவள் இரண்டு மாதம் வரவில்லை. செத்தேன், மெசினை எறிந்துவிட்டாள் என்று நினைத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் விடிய இருபத்தைந்து தேங்காய் துருவுகிறாள். மகள் நித்திரை.

அங்கே நின்றபோதுதான் அந்தக் கொன்ரெய்னர்களோடு எங்கே மோதலாம் என்று எனக்கு விளங்கியது. விலையில் மோத முடியாது. என்னுடையது அந்த வெளிநாட்டு மெசினைவிட ஐந்து மடங்கு விலை, இரும்புக்கே அதைவிடக் கூடப் போகிறது. ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் துருவுகிற வீட்டுக்கு அந்த வெளிநாட்டு மெசினே போதும். என்னிடம் கேட்டால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஒரு நாளைக்கு இருபது தேங்காய் துருவுகிறவர்களை மட்டும் பிடித்துக்கொண்டேன். இடியப்பக்காரர், கோயில் மடைப்பள்ளி, கலியாணச் சமையல்காரர். இதுவரை பதினொன்று விற்றிருக்கிறேன். சிரிக்கவேண்டாம். அந்தப் பதினொன்றில் ஒவ்வொன்றும் முந்தியதைவிட வேறு.

ஜெய்ப்பூர் கால் எல்லாருக்கும் தெரியும், யாழ்ப்பாணத்திலும் அதற்கொரு நிலையம் உண்டு. அது பிறந்த விதம் பலருக்குத் தெரியாது. அறுபதுகளில் இந்திய ஆஸ்பத்திரிகளில் கிடைத்த செயற்கைக்கால் மேலைநாட்டு வடிவம்: சப்பாத்துக்குள் ஒளிக்கவேண்டியது, மடங்காதது. அதைப் போட்டுக்கொண்டு குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, வயலுக்குள் இறங்க முடியாது. ஜெய்ப்பூரில் பி. கே. சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து றப்பரில் வேறு கால் செய்தார்கள். வெறுங்காலோடு சேற்றில் நடக்கலாம். அந்தக் கைவினைஞருக்கு மருத்துவம் தெரியாது. நோயாளி எங்கே எப்படிக் குந்துவான் என்று தெரியும். அமெரிக்காவிலோ ஜேர்மனியிலோ இருக்கிற நிபுணருக்கு அந்த அறிவு தபாலில் போகாது. எங்கள் ஊர் முழுக்க அந்த அறிவு கிடக்கிறது. அதைக் கேட்டு எழுதி வரைகிற ஆளைத்தான் காணோம்.

காணாததற்கு ஒரு காரணம் காசு போகிற வழி. வன்னியில் கருவிகளைப் பெருமளவில் வாங்குகிறவர் கமக்காரனோ குடும்பப் பெண்ணோ அல்லர். உதவித்திட்டம்தான். நாற்பது பேருக்குத் தெளிகருவி, அறுபது பேருக்குத் தையல் மெசின், முப்பது பேருக்குத் துருவும் மெசின். மூன்று விலைக்கூறல் எடுப்பார்கள், குறைந்ததைத் தெரிவார்கள். படிவத்தில் விலைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ‘ஒரு கையால் பாவிக்கலாமா’ என்பதற்குக் கட்டம் இல்லை. நானும் ஒருமுறை விலை கொடுத்துத் தோற்றேன். அந்த மேசையில் இருந்தவரில் எனக்குக் கோபமில்லை, கணக்காய்வுக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர். ஆனால் அவர் கையில் கொடுத்திருக்கும் கடதாசியில் கோபம். பொருளின் விவரக்குறிப்பையே யாரோ ஒரு விலைப்பட்டியலிலிருந்து பார்த்து எழுதியிருந்தார்கள். அதற்கு ஈடுகொடுக்க அதே பொருளால்தான் முடியும்.

வாங்குவதற்கு முன் ஐந்து பேரிடம் இரண்டு கிழமை பாவிக்கக் கொடுங்கள். உதிரிப்பாகம் மாவட்டத்துக்குள் கிடைக்குமா என்று ஒரு வரி கேளுங்கள். பழுதானால் திருத்துவது யார் என்று இன்னொரு வரி. இவ்வளவும் செய்தபிறகும் வெளிநாட்டுச் சாமான்தான் நல்லது என்றால் வாங்குங்கள், நான் வந்து பூட்டித் தருகிறேன்.

இன்னொரு பக்கம், வெளிநாட்டுச் சந்தைக்கு நாங்கள் அனுப்புவதைப் பார்க்கிறேன். கோடைவிடுமுறைக்கு வருகிற உறவுகளின் சூட்கேசுக்காகவே இப்போது பல பொருட்கள் பிறக்கின்றன. கைப்பிடியளவு நீத்துப்பெட்டி, அதில் புட்டு அவிக்க எலியால்தான் முடியும். கண்ணாடி அலுமாரிக்கு ஒரு மூக்குப்பேணி. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் வந்தது. ஓலை வேலை செய்கிற பெண்களின் விரலில் இருக்கிற திறமை அதைவிட எத்தனையோ தலைமுறை மூத்தது. அந்த விரல்களிடம் நாங்கள் கேட்பது பழைய பொருளின் பொம்மையை. ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சாள் ஒரு சிரட்டைக் கிண்ணத்தின் படத்தை அனுப்பி, “இதை நீங்கள் செய்யலாமே” என்று கேட்டாள். வியட்நாமில் செய்தது. அங்கே பென் ட்ரே பக்கம் தென்னைதான் உயிர், சிரட்டையைக் கடைந்து மினுக்கி உலகமெல்லாம் அனுப்புகிறார்கள். நான் இன்றைக்குத் தொடங்கினால் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் கடைசி ஆள். மச்சாளின் குசினியில் அவளுக்கு என்ன கரைச்சல் என்று கேட்டேன். இடியப்பம் பிழியத் தோள் நோகிறதாம், உரலில் பலம் போதவில்லையாம். அது நல்ல கேள்வி. பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

புதிதாக ஒன்றைச் செய்தால் அதன் வடிவம் களவு போகும் என்ற பயம் பலருக்கு. எனக்கும் இருந்தது. யாரோ ஒருவர் தொலைபேசியில் என் திருவலையைப் படம் எடுத்துக்கொண்டு போனதும் மருமகனைப் பிடித்து வழி கேட்டேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் கைத்தொழில் வடிவத்தைப் பதியலாம். ஐந்து வருசம், இரண்டு முறை புதுப்பித்தால் பதினைந்து. ஆனால் வடிவம் புதியதாக இருக்கவேண்டும், நானோ நாலைந்தை விற்றுச் சந்தைக் கண்காட்சியிலும் வைத்துவிட்டேன். அதோடு அந்தப் பதிவு தோற்றத்துக்குத்தான். பிறீவீலும் பிறேக்கும் வேலை செய்கிற விதத்துக்கு வேறு வழி, காப்புரிமை. எல்லாம் கொழும்பில். ஒரு நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு ரயிலேறவேண்டும். ஒரு சின்னக் கோரிக்கை: இந்தச் சங்கதியைத் தமிழில் விளக்கி, பொருளை வெளியில் காட்டுமுன் இதைச் செய் என்று சொல்ல மாதத்தில் ஒருநாள் கிளிநொச்சிக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தால் என்னைப்போன்றவர்கள் தப்புவோம். எனக்கு இனிப் பயனில்லை. நான் இப்போது நம்பியிருப்பது அடுத்த முறைப்பாட்டை. படம் எடுத்தவர் மூன்றாவது மெசினைக் கொப்பியடித்து முடிப்பதற்குள் நான் ஆறாவதுக்குப் போய்விட வேண்டும்.

2025 செப்டெம்பர் 2, உலகத் தேங்காய் தினத்தில் வடக்குத் தென்னை முக்கோணம் என்று பெரிய திட்டம் தொடங்கினார்கள். நல்லது. செல் விழுந்து தலையறுந்த தென்னைகளோடு வாழ்ந்த ஊர் எங்களுடையது. கன்று வைப்பதை யார் வேண்டாம் என்பார்? ஆனால் அந்தத் தேங்காயை யார், எதனால் உரிப்பது? இன்றைக்கும் நிலத்தில் நட்ட அலவாங்கில் குனிந்து குனிந்து உரிக்கிறார்கள். நாற்பது வயதில் முதுகு போய்விடுகிறது. கன்றுகள் காய்க்க ஆறேழு வருசம். அதற்குள் உரிக்கிற, உடைக்கிற, துருவுகிற, தும்பு அடிக்கிற கருவிகளை இங்கேயே வரைந்து, பிழைவிட்டுத் திருத்தினால் உண்டு. இல்லாவிட்டால் தேங்காய் எங்களுடையது, கருவி கொன்ரெய்னரில் வரும். அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, விவசாய பீடம் இருக்கிறது, ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பளையிலிருந்து ஒரு மணித்தியால பஸ் ஓட்டம். அந்தப் பிள்ளைகளின் இறுதியாண்டு வேலைக்கு ஒரு தேங்காய் உரிப்பவரைக் கொடுங்கள். முதல் ஒரு கிழமை எதையும் வரையவேண்டாம், அவரோடு நின்று உரிக்கட்டும்.

என் பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டும். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறன்ற் போனபோது என் கால்மிதித் திருவலையைப் பற்றிப் பேச்சு பரவியது. கறன்ற் சீரானதும் இரண்டு பேர் வந்து மோட்டார் பூட்டித்தரச் சொன்னார்கள். யோசிக்காமல் பூட்டினேன், காசும் வாங்கினேன். இரண்டும் இப்போது மூலையில் கிடக்கின்றன. மோட்டார் வேகத்துக்கு அந்த நாக்கு சரியில்லை, தேங்காய் தூளாகப் பறக்கிறது. ரே விஜேவர்தனவின் கதையைக் கேட்டபிறகும் நானும் எருமைக்கு எஞ்சின் பூட்டியிருக்கிறேன்.

இப்போது வேறு தலையிடி. பழைய சிங்கர் கால்கள் கிடைக்கவில்லை. அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு மேசையாக்குவது கொழும்பு ஹொட்டேல்களில் நாகரிகமாம். வியாபாரிகள் வீடு வீடாகப் போய் அள்ளிவிட்டார்கள். சொந்தமாகக் கால் செய்யவேண்டும். மருமகன் கொம்பனி வேலைக்கு நடுவில் வரைந்து, அளவுகளோடு மூன்று தாள் கொண்டுவந்தான். வடிவான வரைபடம். அதை எடுத்துக்கொண்டு இருவரும் அந்த இடியப்பக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். மிதியைத் தாளில் பார்த்தாள், பிறகு தாளைத் தரையில் வைத்துத் தன் காலை அதன்மேல் வைத்தாள்.

“தம்பி, இது சப்பாத்துக்காரற்ற கால். நான் வெறுங்காலோட மிதிக்கிறனான், விரல் இடுக்குக்குள்ள கம்பி வெட்டும். இன்னும் ரண்டு விரல் அகட்டு.”

அவன் பேனையை எடுத்து, அவளுடைய காலைச் சுற்றித் தாளிலேயே கோடு கீறினான்.